நீல வயரில் வைத்த சுவிட்ச்

"ஓஃப் பண்ணிப்போட்டுத்தான் பல்பைக் கழட்டினனான். விரல் உள்ளுக்குப் பட்டது, கரண்ட் தூக்கி எறிஞ்சு போட்டுது!"

வெள்ளவத்தை டியூஷன் டீச்சர் இப்படிச் சொல்லிக்கொண்டு எங்கள் கடைக்குள் வந்தா. கையில் நான் பாகம் பாகமாய்ப் பொருத்திப் பூட்டின மேசை லாம்ப். முந்தின கிழமைதான் தனக்கு ஒன்றும் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதினொன்றுமாய்ப் பன்னிரண்டு லாம்ப் வாங்கிப் போனவ.

கொட்டாஞ்சேனையில் ஹாஜியாரின் லைட் கடையில் நான் இருபத்திரண்டு வருஷம் லாம்ப் பூட்டினேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் என்னைப்போல் வேகமாய்ப் பூட்ட அந்தத் தெருவில் ஆள் இல்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

"என்ர கை பிழைக்காது டீச்சர்," என்றேன். பிளக்கைக் குத்தி, வயரில் இருந்த சுவிட்சை அமத்தினேன். எரிந்தது. திரும்ப அமத்தினேன். நூந்தது. "பாருங்கோ."

"வடிவாய்ப் பாத்தனான். இப்ப ஓஃப்தானே? உங்கட விரலை வையுங்கோவன்."

எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பல்பைக் கழட்டிப்போட்டு விரலை நீட்டினேன்.

"கைய எடு புள்ள! மௌத்தாகப் போறியா?"

ஹாஜியார் ஓடி வந்து, கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்டரை, ஹோல்டருக்குள் பல்பு முட்டுகிற பின் ஒன்றில் வைத்தார். சுவிட்ச் ஓஃப். டெஸ்டர் எரிந்தது.

அதுவரை எங்களுக்கு சுவிட்ச் பூட்டின வயர்தான் வரும். அந்த மாதம் வெறும் வயராய் வந்தது. நடுவில் வெட்டி சுவிட்சை நானே பூட்டினேன். அந்தப் பன்னிரண்டுதான் முதல் வேலை.

"எந்த வயர வெட்டின?"

"கைக்குக் கிட்டக் கிடந்த நீலத்தை. ஒண்டை வெட்டினால் லைட் நூரும்தானே ஹாஜியார்?"

"லைட்டு நிண்டிச்சு, கரண்ட் நிக்கல்ல. தண்ணி வார டெப்ப மூடாம, பேசின்ட ஓட்டைய அடைச்சு வெச்சிரிக்கிறாய். தண்ணி ஓடல்லத்தான். ஆனா பேசின் முட்ட நிக்கிது."

அப்போதுதான் விளங்கியது. கரண்ட் வருகிற லைன் பிரவுன். திரும்பிப் போகிற நியூட்ரல் நீலம். பிரவுனில் சுவிட்ச் இருந்தால், ஓஃப் பண்ணினபிறகு ஹோல்டருக்குக் கரண்ட் வராது. நீலத்தில் வைத்தால், நூந்த லாம்பிலும் கரண்ட் காத்துக்கொண்டு நிற்கும்.

"மற்றப் பதினொண்டும் எங்க?" என்று கேட்டேன்.

"பிள்ளையளின்ர வீடுகளில," என்றா டீச்சர். அவவின் முகமும் மாறிவிட்டது.

உடனே போன் எடுத்து, பிளக்கைப் பிடுங்கச் சொன்னா. பத்து வீட்டில் எடுத்தார்கள். கொலன்னாவையில் இருக்கிற வீட்டில் மட்டும் எடுக்கவில்லை. நான் ஸ்க்ரூ டிரைவரோடு த்ரீவீலரில் ஏறினேன். வழியெல்லாம் என் நீட்டின விரலைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

கதவு திறந்து கிடந்தது. தாய்க்காரி பல்பைக் கழட்டி வைத்துப்போட்டு, ஈரத் துணியால் லாம்பைத் துடைத்துக்கொண்டு இருந்தா. துணி ஹோல்டர் விளிம்புக்கு வந்துவிட்டது.

"கை வைக்காதீங்கோ!"

"ஏன் அக்கா, ஓஃப் பண்ணித்தானே கிடக்கு?"

ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"நான் பூட்டினது பிழை," என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சொல் என் வாயால் வந்தது அன்றைக்குத்தான். நிலத்தில் குந்தி, நீலத்தைத் திரும்பப் பொருத்தி, சுவிட்சைப் பிரவுனுக்கு மாற்றினேன். அவ பிளேன்டீ ஊற்றித் தந்தா. மற்றப் பத்தையும் அந்தக் கிழமைக்குள் வீடு வீடாய்ப் போய் மாற்றினேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லுகிறேன். லைட் நூந்ததைப் பார்த்து மேசையை விட்டு எழும்பாதீங்கோ. சுவிட்சை ஓஃப் பண்ணி, பல்பைக் கழட்டி, ஹோல்டருக்குள் இரண்டு பின்னிலும் டெஸ்டரை வையுங்கோ. அது எரியாவிட்டால்தான் உங்கட வேலை முடிஞ்சது.