அடைத்த ஓட்டைகள் திரும்பி வந்த கதை

இன்று செவ்வாய், காலை மணி 9.20. சிலிபின் கிளினிக் சர்வரில் பாதுகாப்பு ஓட்டைகள்: 43.

இந்த சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நான் நேற்று மாலைதான் அத்தனையையும் அடைத்தேன். காலையில் கரண்ட் போய் வந்தது. சர்வர் எழுந்தது, ஓட்டைகளும் எழுந்தன.

அவசரத்தில், மென்பொருள் ஓடும் தற்காலிகப் பெட்டியான கண்டெய்னருக்குள் மட்டும் திருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறை எழும்போதும் அந்தப் பெட்டியைப் புதிதாக வார்க்கும் அச்சான மூல இமேஜைத் தொடவே இல்லை.

கவுண்டரில் இருக்கும் சாந்தி அக்கா கேட்டார்: "நேத்தே சியாப், எல்லாம் முடிஞ்சுதுன்னு சொன்னியே தம்பி? பேஷண்டோட ஐசி, அடையாள அட்டை நம்பர் எல்லாம் உள்ள இருக்கு லா."

"சர்வரை அரை மணி நேரம் நிறுத்தணும் அக்கா."

"வெளிய இருபது பேரு உட்காந்திருக்காங்க. நீயே போய் சொல்லு."

சொன்னேன். முறைத்தார்கள்.

இதே தப்பைச் செய்த மச்சான்கள் கீழே கமெண்டில் ஒப்புக்கொள்ளலாம். நான் செய்யப்போவது:

1. மூல இமேஜைத் திருத்திப் புதிதாகக் கட்டுவது.
2. வேண்டுமென்றே அணைத்து எழுப்பி, ஓட்டைகளை மறுபடி எண்ணுவது.
3. அதுவரை, அக்கா பெயர்களை எழுதிக் கொடுத்த நோட்டைப் பார்த்து, வாசலில் நின்று நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது.