கராஜுல போட்ட கட்டில்

பஸ் ஸ்டாண்ட இடிச்சுட்டு, கொஞ்ச நாளைக்குன்னு பஸ்ஸயெல்லாம் மில்லு கிரவுண்டுல கொண்டாந்து நிறுத்துனாங்க பாரு, அப்பதான் என்னையும் வீட்டுக்குள்ளேர்ந்து கராஜுக்கு மாத்துனாங்க. கொஞ்ச நாளைக்குத்தாம்ப்பான்னான் பையன். அந்த மில்லுல தறி ஓட்டுன ஆளு நான். இப்ப அங்க கண்டக்டரு கூவிக்கிட்டு நிக்கிறான். சரி, அத உடு.

கராஜுன்னா, முத்தியால்பேட்ட வூட்டுக்குப் பக்கத்துல ஒட்டுனாப்ல நானே கட்டுனது. மில்லு மூடுனப்புறம் வாடகைக்கு வேன் ஓட்டுனேன்ல, அதுக்கு. ஷெட்டுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தோம். எதுத்த வூட்டு பிரெஞ்சு பென்ஷன்காரரு கராஜு கராஜும்பாரு, எங்களுக்கும் அதே தொத்திக்கிச்சு. வேன் கழுவுற தண்ணி தெருவுக்கு ஓடணும்ல, அதனால தரைய நல்லா வாட்டமா போட்டேன்.

வூடு பழசு. அதுதான் பெங்களூர்லேர்ந்து சனி ஞாயிறு வர்றவங்களுக்குப் புடிக்குதாம். நானும் எம் பொண்டாட்டியும் படுத்த ரூமுக்கு ஏசி போட்டு, மஞ்ச பெயிண்டு அடிச்சு வாடகைக்கு உட்டான். கராஜுல டைல்ஸ் ஒட்டி, ஃபேன் மாட்டி, உள்பக்கமா ஒரு கதவு வச்சு, இதாம்ப்பா ஒன் ரூமுன்னான். தெருப்பக்கம் ஷட்டர் அப்டியே கெடந்துது. வாட்டமும் அப்டியே. கொத்தனாரு கேட்டாரு, "லெவல் பண்ணிடலாமா?"ன்னு. "படுக்கத்தான போறாரு"ன்னுட்டான்.

கட்டில நீட்டுவாக்குலதான் போட முடிஞ்சுது. தெரு தெக்கால. தெக்க தல வச்சா தலைக்கு ரத்தம் எறங்குது. வடக்க வச்சா ஆகாது. எம் பொண்டாட்டிதான், "செத்தாலும் வடக்க வெக்காத"ன்னு தெருப்பக்கத்து கட்டில் காலுக்கு அடியில ரெண்டு செங்கல்லு குடுத்தா. அவளுக்கு அங்க எடமில்ல. ஹால்ல டிவிக்குக் கீழ பாயி. "இந்த வயசுல ஒண்ணா படுத்து இன்னா பண்ணப் போறீங்க?"ன்னு மருமவ சிரிச்சுது. "ராவுல இருமுனா முதுகு தடவ ஆளு வேணாமாடி?"ன்னா இவ.

ஷட்டருக்குப் பூட்டு போடவும் இவ உடல. நெருப்பு கிருப்புன்னா மனுசன் எப்டி வெளிய வருவாருன்னு. அதுதான் வெனையா போச்சு. ஒரு சனிக்கெழம, சோறு துன்னுட்டு வெறும் லுங்கியோட படுத்திருக்கேன். கடகடன்னு ஷட்டரு மேல போவுது. மூஞ்சில வெயிலு. எதுக்க ஒரு காரு, அரை டவுசர் போட்ட ஒரு ஆளு.

"வாட்ச்மேன், அந்தக் கட்டில எடுங்க. வண்டி உள்ள விடணும்"ங்கிறான்.

அவன் மேல தப்பு சொல்ல முடியாது. கட்டில் போடறதுக்கு முன்னாடி காலியா கெடந்த கராஜ போட்டோ எடுத்து, கார் நிறுத்த எடமிருக்குன்னு போன்ல போட்டவன் எம் புள்ள. அத எடுக்க மறந்துட்டான்.

சத்தம் கேட்டு ஓடியாந்தான். இப்ப சொல்லுவான், எங்கப்பா சார்னு சொல்லுவான்னு அவன் வாயவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.

"சாரி சார், ஒரு நிமிசம். பெரியவரே, செத்த எந்திரிங்க"ன்னான்.

பெரியவரே! மார்க்கெட்டுல இடிச்சுக்கிட்டு போறவன் சொல்ற மாதிரி.

கதவாண்ட நின்ன இவ உடல. "யாருடா பெரியவரு? ஒன்னப் பெத்தவருடா!"

"அம்மா, கெஸ்ட் முன்னாடி கத்தாத"ன்னான்.

நான் எந்திரிச்சேன். கட்டில நிமித்தி செவுத்துல சாச்சேன், செங்கல்ல காலால தள்ளுனேன். வண்டி கச்சிதமா உள்ள போச்சு. போவாதா, வண்டிக்குன்னு கட்டுனதாச்சே. சட்டைய மாட்டிக்கிட்டு உப்பளத்துல இருக்குற தங்கச்சி வூட்டுக்கு வந்தவன்தான்.

இவளையும் வான்னேன். வந்திருப்பா. வர்றவங்களுக்குக் காலையில இட்லி ஊத்த ஆளு வேணுமே, உடுவாங்களா? பையன் போன் பண்ணான். "அந்த போட்டோவ எடுத்துட்டேம்ப்பா, இன்னும் இன்னா கோவம்?"ங்கிறான். போட்டோவாம்.

நீ தெனம் அந்தத் தெரு வழியாத்தான போற. அவனப் பாத்தா சொல்லு. வாட்டத்த எடுக்க வேணாம், ஷட்டர கழட்ட வேணாம். நாலு பேரு எதுக்க ஒரு தபா அப்பான்னு கூப்புட்டா வர்றேன். அதுக்கு வாய் வரலன்னா, அவங்கம்மாவ இங்க அனுப்பி வெக்கச் சொல்லு. அனுப்புறானான்னு பாப்போம். நான் இருமறத மட்டும் அவகிட்ட சொல்லிப்புடாத.