சந்தனம் பூசிய பெட்டி

எங்கள் தொழிலில் தெரியாது என்று சொன்னால் வேலை அடுத்தவனுக்குப் போய்விடும். தெரியும் என்று சொன்னால் தூக்கம் போய்விடும். விருத்தாசலத்தில் கடை கடையாக ஏறி வைஃபையும் கேமராவும் மாட்டிக்கொண்டிருந்த நான் எப்போதும் தெரியும் என்றே சொன்னேன். பெட்டியைப் படமெடுத்து அனுப்பச் சொல்வேன். மங்கலம்பேட்டை பஸ்ஸில் போகும்போதே அதைப் பற்றி யூடியூபில் பார்த்துவிட்டு, பிறந்ததிலிருந்து அதோடு வளர்ந்தவன் மாதிரி இறங்குவேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். காலை விட்டால்தானே ஐயா எங்களுக்குச் சோறு!

அந்தச் சோறும் ஒழுங்காக வரவில்லை. மஸ்கட்டில் இருக்கும் மச்சான் அங்கே கேபிள் இழுக்கும் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மகளுக்கு மூன்று வயது. என் மேல் கால் போட்டால்தான் தூங்குவாள். போகக் கூடாது என்பதற்கு எனக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை. ஊரிலேயே நிலையாக ஒரு வேலை அமைந்தால் இருக்கிறேன், இல்லாவிட்டால் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் செராமிக் யூனிட் வைத்திருக்கும் ஒருவர் கூப்பிட்டார். ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் சுடுகிற இடம். புதிதாக கேஸ் சூளை போட்டிருந்தார். அதன் சூட்டை போனிலேயே பார்க்க வேண்டும், சூளை விற்ற கோயம்புத்தூர் கம்பெனிக்கும் அது தெரிய வேண்டும் என்றார்.

"இத நல்லபடியா முடிச்சிக் குடுங்க தம்பி. மாசாமாசம் நீங்களே வந்து பாத்துக்கலாம். பக்கத்து யூனிட்டுங்களுக்கும் சொல்றேன்" என்றார்.

போய்ப் பார்த்தால், சூளையின் கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெட்டி நான் கண்ணால் கண்டிராத ரகம். எந்த நாட்டிலோ கழித்துப் போட்டதை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைய பாஸ்வேர்டு வேண்டும். அது பெட்டியின் நெற்றியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். அந்த நெற்றியில்தான் ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டை அழித்துப் பெட்டியைப் பழையபடி ஆக்க ஊசியால் குத்தும் துளை ஒன்று உண்டு. அதிலும் சந்தனம் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. பக்தியில் குறை சொல்ல முடியாது.

ஒன்றும் புரியாவிட்டால் கரண்டை நிறுத்திப் போடுவது எங்கள் குலத்தொழில். பிளக்கில் கை வைத்தேன். சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார்.

"சூள எரியுதுங்க! சூடு எவ்ளோன்னு இது வழியாத்தான் எங்களுக்குத் தெரியுது. நிறுத்தினீங்கன்னா உள்ள இருக்கறது அத்தனையும் போயிடும்."

பிறகு ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைக்கப் போனேன். அதற்கும் அவர் முகம் சுண்டியது. "சாமிக்கி வச்சதுங்க" என்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டு நகத்தால் மெல்லச் சுரண்டினேன். எழுத்துகள் பாதி மஞ்சளாகவும் பாதி சிவப்பாகவும் வெளியே வந்தன. தெரியாத எழுத்துகளை ஊகித்து ஊகித்து அடித்தேன். களிமண் தூசியில் லேப்டாப்பே வெளுத்துவிட்டது. எத்தனை முறை அடித்தேனோ, சாயங்காலம் திறந்துகொண்டது. ஓனர் போனில் சூளையின் சூடு ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

ஓனர் கோயம்புத்தூருக்கு போன் போட்டார். அவர்களுக்கும் தெரிகிறதாம். அவர்கள் சொன்னதற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டிவிட்டு என் தோளில் தட்டினார்.

"பிரமாதம் தம்பி. இனிமே எது ஒண்ணுன்னாலும் அங்கேருந்தே சரி பண்ணிடுவாங்களாம். இங்க ஆளே தேவ இல்லங்கறாங்க. பக்கத்து யூனிட்டுக்காரங்களும் இதே சூளதான் போடறாங்க, அதயும் கோயம்புத்தூர்க்காரங்களே பாத்துப்பாங்களாம். ஒங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

மனுஷன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு நல்லது நடந்ததாகவே நினைத்தார். டீ சொன்னார், குடித்தேன். வழியை நானே வெட்டி, அந்த வழியில் என்னை நானே வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறேன். யாரைத் திட்டுவது? சந்தனத்தைச் சுரண்டிய நகத்தைப் பார்த்துப் பார்த்து எரிச்சல் வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. தட்டில் சோறு போட்டாள்.

"மஸ்கட்டுக்கு, அண்ணனுக்கு நான் போன் பண்றேன். பாப்பாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது" என்றாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. இன்னும் மகளிடம் சொல்லவில்லை. நேற்றும் என் மேல் கால் போட்டுக்கொண்டுதான் தூங்கினாள்.