நான்காம் வகை

சிறு வயதில் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். உடம்புச் சூடு என்று அம்மா மோரும் இளநீரும் கொடுப்பார். இரண்டு நாளில் தெளிந்துவிடும், நாங்களும் மறந்துவிடுவோம். ஏழாம் வகுப்பில், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளையானான். திமிர் என்று வாத்தியார் அடித்தார். நானும் ஒருமுறை அடித்திருக்கிறேன். அவன் காது மந்தமாகிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

பிறகு காதுக்கருவி மாட்டிக்கொண்டு, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாண பேனர்களில் ஊரார் முகங்களைக் கணினியில் பளிச்சென்று ஆக்குவான். அவனோடு பேசத்தான் ஆளில்லை. உரக்கப் பேச எல்லாருக்கும் அலுப்பு. இருபத்தாறு வயதில் கால் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன என்றார்கள்.

அம்மாவும் அப்பாவும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். என் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்றேன். மதுரையில் பரிசோதனைகள் முடிந்ததும் மருத்துவர் என்னை மட்டும் அழைத்து விளக்கினார். உடம்பைக் கட்டி நிறுத்தும் புரதம் கொலாஜன். அதில் பல வகை. முதல் வகை பழுதானால் எலும்பு சட்டென்று முறியும். நான்காம் வகை சிறுநீரக வடிகட்டியின் மெல்லிய சவ்விலும், உட்காதிலும், கண்ணிலும் இருக்கிறது. தம்பிக்குப் பிறவியிலேயே அதில்தான் பழுது. காதையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது ஒரே நோய். அம்மா வழியாக வந்தது.

"உங்க யூரின்லயும் கண்ணுக்குத் தெரியாம ரத்தம் போகுதும்மா. உங்களுக்கும் லேசா இருக்கு. உங்க கிட்னியை எடுக்க முடியாது" என்றார்.

வெளியே தம்பி காத்திருந்தான். அதற்குள் காது இன்னும் மந்தமாகி, கருவியும் அவனுக்கு உதவாமல் போயிருந்தது. செல்போனில் எழுதிக் காட்டினேன். இரண்டு தடவை படித்தான்.

"அப்ப ஒனக்கும் இருக்காக்கா?" என்றான்.

தனக்கு இனி என்ன வழி என்று கேட்கவே இல்லை. பேருந்தில் ஊர் வரும்வரை என் கையை விடவில்லை.

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டு, மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தான். மூன்றாம் வருடம் ஒரு காலையில் இதயம் நின்றுவிட்டது.

சென்ற மாதம் என் வருடாந்தரப் பரிசோதனைக்குத் தனியாகப் போயிருந்தேன். காதையும் பார்த்துவிடலாம் என்று மருத்துவர் அனுப்பினார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கதவைச் சாத்தினாள். முதலில் நாலைந்து முறை தூக்கினேன். அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவள் பொத்தானை அழுத்தி என்னைப் பார்த்தாள். மறுபடியும் அழுத்தினாள். என் கை மடியிலேயே கிடந்தது.