'ழ'வில் மாட்டிய லோரி

பிரிக்பீல்ட்ஸ் சிவகுருநாதன் மலேசியாவின் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறவர். எந்த லோரி எந்தப் பாதையில் போக வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் முழுக்க அவர் எழுதியது. நாற்பதாயிரம் வரி. வேறு எவனும் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று, அதில் ஒவ்வொரு துண்டுக்கும் தமிழிலேயே பெயர் வைத்து ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். மகா ராஜதந்திரம்! மூளையைக் கழற்றி டிராயரில் வைத்துவிட்டு எழுதியது என்று பின்னாளில் அவரே சொல்லிக்கொள்வார்.

1994-இல் தனலெட்சுமி வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரமே ஆரம்பித்துவிட்டாள்.

"அங்கிள், உங்க புரோகிராமுல உள்ள பேருக்கெல்லாம் டேக்ஸ் போட்டுட்டேன், ஒரு அட்டவணை மாதிரி. பேர் மேல கர்சர வச்சு கீய தட்டுனா போதும், அந்தத் துண்டு எங்க எழுதியிருக்கோ அங்கயே எடிட்டர் கொண்டுபோய் விட்டுடும்."

"டேக்ஸா? என் மண்டையே டேக்ஸ்தான் லா!"

அந்த 'அங்கிள்' வேறு அவருக்கு எரிச்சல்.

அடுத்த மாதம், வடக்கே மேரு டவுனுக்குப் போக வேண்டிய லோரிகளைப் புரோகிராம் தெற்கே பந்திங்குக்கு அனுப்ப ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் சரியாகாவிட்டால் வேலையை வெளியாளிடம் கொடுத்துவிடுவேன் என்றார் முதலாளி. சிவகுருநாதன் தேடவே இல்லை. மனப்பாடமாகப் பைலைத் திறந்து, 'வழி' என்ற துண்டைத் திருத்தினார். லோரி பந்திங்குக்கே போனது. மறுபடி திருத்தினார். பந்திங். மூன்று நாளாக இதே கூத்து. நாற்காலி போய்விடும் என்ற பயத்தில் மத்தியானச் சோற்றுக்குக்கூட அதை விட்டு எழுந்திருக்கவில்லை.

வெள்ளி காலை பதினோரு மணிக்குத் தனலெட்சுமி பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க அங்கிள். என் பேர ஐசி கார்டுல ஒரு மாதிரி, ஸ்கூல் சர்டிபிகேட்ல ஒரு மாதிரி எழுதிட்டாங்க. அதுக்கு நான் ஏறாத ஆபிஸ் இல்ல. அதான் கேக்குறேன். 'ழ'வுக்கு என்ன எழுத்து போடுவீங்க?"

"இதென்ன கேள்வி? எல்தான்."

புரோகிராம் 'வழி'யைக் கூப்பிடும் இடத்தில் கர்சரை வைத்து அவள் கீயைத் தட்டினாள். எடிட்டர் அவர் மூன்று நாளாக மாரடித்த பைலுக்குப் போகவில்லை. வேறொரு பைலில் போய் நின்றது. அங்கே 'ழ'வுக்கு இசட் எச். அதுவும் ஐயா கைவண்ணம்தான்! நாலு வருடத்துக்கு முன் புதிதாக ஒன்று எழுதிவிட்டு, பழையதை அழிக்க மறந்திருக்கிறார். புரோகிராம் கூப்பிட்டது இதை. அவர் வைத்தியம் பார்த்தது அதற்கு.

பத்தே நிமிடத்தில் திருத்தினார்கள். லோரி மேருவுக்குத் திரும்பியது.

முதலாளி எட்டிப் பார்த்தார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். 'நான்' என்ற சொல் சிவகுருநாதனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெட்கக்கேடு.

"இந்தப் பொண்ணுதான் பாஸ். தப்பு என் ஸ்பெல்லிங்," என்றார்.

அப்படியானால் வெளியாள் வேண்டாம், நீங்கள் இரண்டு பேருமே பாருங்கள் என்று சொல்லிவிட்டு முதலாளி போனார்.

"அங்கிள், எல் போட்டது ஒண்ணு இன்னும் கிடக்குதே. படிச்சா 'வலி'ன்னுதான் வருது. அத என்ன பண்றது?"

"அழிச்சிடும்மா. மூணு நாள் பட்டது போதும்."