மூடக் கூடாத பிரவுசர்

இன்று காலை ஜோகுபாளையத்து வீட்டில் வேலைக்கு உட்கார்ந்தேன். ஆபீஸ் லேப்டாப்பின் மூடியில் சந்தனம், குங்குமம்.

நேற்று ஆயுத பூஜை. என் வீட்டுக்காரர் தன் பைக்கோடு இதற்கும் பொட்டு வைத்திருக்கிறார். பூஜைக்கு முன்னால் முறையாக ஷட்டவுன் வேறு செய்திருக்கிறார்.

திறந்தால் பிரவுசர் தானாக அப்டேட் ஆகியிருந்தது. எங்கள் இன்சூரன்ஸ் சைட்டோ பழைய வெர்ஷனில்தான் ஓடும். திரையில் வெறும் வெள்ளை. நான் அப்ரூவல் கொடுத்தால்தான் வீட்டுக்குப் போக முடியும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி காத்திருக்கிறார்.

ஐ.டி. சப்போர்ட்டுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"யார் மேடம் ஆஃப் பண்ணச் சொன்னது? மூடித் திறந்தா அப்டேட் ஆயிடும், பிரவுசரை மூடவே கூடாதுன்னு மெயில் போட்டோமே?"

"தானா அப்டேட் ஆகாம நீங்களே நிறுத்தி வைக்கலாமே?"

"அந்த செட்டிங்கை மாத்த ஹெட் ஆபீஸ் இன்னும் ஓகே சொல்லல மேடம். அதுவரைக்கும் எல்லாரும் மூடாமத்தான் வெச்சிருக்காங்க."

மாதக்கணக்கில் இதுதான் எங்கள் கம்பெனியின் தொழில்நுட்பம். தூ!

பழைய வெர்ஷனை ஏற்ற இரண்டு மணி நேரம். அதுவரை அந்த மனிதர் குணமாகியும் கட்டிலிலேயே கிடந்தார். போனை வைக்கும்போது எனக்கு அறிவுரை வேறு: "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வைங்க மேடம்."

வருஷத்தில் ஒரு நாள் கருவிக்கு ஓய்வு கொடுப்பதுதான் பூஜை. அவருடைய பத்து வருஷப் பழைய பைக் இன்று ஒரே உதையில் கிளம்பியது. எங்கள் கம்பெனிதான் அந்த ஒரு நாளைத் தாங்காமல் படுத்துவிட்டது.

உங்கள் ஆபீசில் எதை மூடக் கூடாது என்று மெயில் வந்திருக்கிறது?