எழுத்து அழிந்த ருஷ்யக் கண்டன்சர்கள்

வில்லாபுரத்தில் ருஷ்யாக்காரன் எழுத்தைப் படித்த பெண்பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பள்ளிக்கூடத்தில் இரண்டாவதோடு நின்றவள். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இருந்தாலும் இதைப் பெருமையாகவே சொல்லுவேன்.

என் வீட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவர். வீட்டின் முன்னறைதான் கடை. வால்வு போட்ட பழைய செட்டு என்றால் அவரைத் தேடித்தான் வருவார்கள். திருநகர் வாத்தியார் ஒருவர் பாட்டுக் கேட்பதில் பைத்தியம். அவர் பழைய இரும்புக் கடைகளில் கிளறி, ஏதோ ஒரு ருஷ்யா மெஷினுக்குள் இருந்த, கரண்ட்டைத் தேக்கி வைக்கும் கண்டன்சர்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொட்டினார்.

"அண்ணே, இதப் போட்டா சத்தம் தேனு மாதிரி இருக்குமாம். என் ஆம்ப்ளிஃபயருக்கு இதையே போடுங்க."

விரல் தண்டிக்கு வெள்ளைத் தகர உருளை, இரண்டு பக்கமும் கம்பி. உள்ளே எண்ணெயில் ஊறிய காகிதச் சுருள் என்றார் என் வீட்டுக்காரர். "நல்லா ஊறட்டும், நார்த்தங்காய் மாதிரி" என்றேன். வாத்தியார் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. உருளையின் மேல் பொடியாக எழுதியிருந்ததை மூக்கில் உரசுகிற மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் ஒருத்தனும் செட்டைக் கொண்டுவர மாட்டான் என்று பயம். ஆபரேஷன் என்று வாயெடுத்தால் எழுந்து போய்விடுவார். கண்ணில் கத்தி வைத்து, இருக்கிற பார்வையும் போய்விட்டால் என்ன செய்வது என்று அதற்கும் பயம்.

அதனால் நான் படித்துச் சொன்னேன். எண் எனக்கு நன்றாகத் தெரியும். எழுத்துக்குத்தான் நானே பெயர் வைத்தேன். முதல் வரியில் சுவரில் சாய்ந்து கையும் காலும் நீட்டியவன் ஒருத்தன், பிறகு நாற்பது, பிறகு கவட்டைக் குச்சி, ஒன்பது. அது இன்ன ரகம் என்று அவர் புரிந்துகொள்வார். அடுத்த வரியில் சைபர், வால் வைத்த புள்ளி, இருபத்திரண்டு. நாம் புள்ளி வைக்கிற இடத்தில் அவர்கள் வாலோடு வைக்கிறார்கள். கூடவே நடுவில் குச்சி செருகிய அப்பளம். அது அளவு. கடைசியில் நானூறோ இருநூறோ, பக்கத்தில் இரண்டு தொப்பை. தொப்பை வந்தால் வோல்ட். சிலதில் சீட்டுக்கட்டு டைமன் மாதிரி ஒரு குறி இருக்கும். பட்டாளத்துக்கென்று செய்தது என்பார் வாத்தியார்.

"இருநூறு போட வேண்டிய எடத்துல நானூறு போடலாம். நானூறு வேண்டிய எடத்துல இருநூறப் போட்டா வெடிச்சுப்புடும். பாத்துப் படி" என்பார் இவர்.

"வெடிக்கிறது எனக்குத் தெரியாதா? ஒங்க கூடத்தான குடும்பம் நடத்துறேன்."

ஆயுத பூஜை வந்தது. மீட்டர், ஈயம் பற்றவைக்கிற அயன், திருப்புளி எல்லாவற்றையும் அவரே துடைத்து வைத்தார். வாத்தியார் பொருளும் பூஜையில் பளிச்சென்று இருக்கட்டும் என்று, எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்த உருளைகளையும் பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தபோது எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடுவதில்லை.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து வாத்தியார் வந்தார். அவருக்கு எதிரே இவர் அயனைச் சூடு போட்டு வைத்துவிட்டு, "இந்தா, நானூறுல ஒண்ணு எடு" என்றார்.

எடுத்தேன். பொட்டு மட்டும் இருந்தது. அடுத்ததிலும் அப்படியே. வெறும் தகரம். எது இருநூறு, எது நானூறு என்று இனி எந்தச் சாமிக்கும் தெரியாது. வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருமே நம்பியிருப்பார்கள். வெடிக்குமே.

"இதுல எழுத்து இல்லங்க" என்றேன்.

"சந்தனத்தத் தொடச்சிட்டுப் பாரு."

"தொடச்சாச்சு. இல்ல."

என் கையிலிருந்து வாங்கினார். வெளிச்சத்துக்குக் காட்டினார். சாய்த்தார், திருப்பினார். பிறகு நிதானமாக, "இந்தா இருக்குல்ல, நானூறு" என்றார்.

வாத்தியார் அதை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார்.

"நீங்க சொன்னா நானூறுதான் அண்ணே. ஆனா வெடிச்சா என் வீட்லல்ல வெடிக்கும்" என்றவர், குரலை இறக்கிக்கொண்டு, "மதினி, அண்ணனுக்கு எப்ப இருந்து கண்ணு தெரியல?" என்று கேட்டார்.

நான் இவர் பக்கம் திரும்பினேன். அதைச் சொல்ல வேண்டியவர் இவர்.

"ரெண்டு மழைக்காலமாச்சு சார்" என்றார் இவர். "செட்ட எடுத்துட்டுப் போயிருங்க."

"எதுக்கு? இங்கயே கெடக்கட்டும். கண்ண ஆபரேஷன் பண்ணிட்டு வந்து பாருங்க."

"டாக்டருக்குக் கை நடுங்கிருச்சுன்னா?"

"அயன் பிடிக்கையில ஒங்களுக்கு நடுங்குதா? அவுகளுக்கும் அது தொழிலுதானண்ணே."

இவர் அயனின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றினார், வெகு நேரம் சுற்றினார். வாத்தியார் சுண்டலைத் தின்று முடித்து, செட்டை விட்டுவிட்டுத்தான் போனார். அவர் தலை மறைந்த பிறகு இவர் என்னிடம், "நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போறேன். நீயும் வாரியா?" என்றார்.

கல்யாணம் ஆனதிலிருந்து எங்கேயும் கூட வா என்று கேட்ட மனிதரில்லை. "வாரேன்" என்றேன். அதற்கு மேல் பேசினால் மனசு மாறிவிடுவார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும், எழுத்துள்ள கண்டன்சர்களை வாத்தியார் வேறு தேடிக் கொண்டுவந்ததும், அவர் வீட்டில் செட்டு பாடியதும் எல்லாம் பிறகு. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகையில், மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவருக்கு விட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெற்குவாசல் தாண்டியதும், கூட்டம் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்குகிறவரை நானும் விடவில்லை.